ஊர் வரை வந்த நெட், வீடு வரை வருமா?

(அக்டோபர் 2 அன்று மாலை நம் வளாகத்தில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காகவும், டிசம்பர் பொதுக்குழுவில் ஓட்டுப் போடுமுன் ஒருமுறை படித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்காகவும் எழுதித் தந்திருக்கிறேன்.)



அதியமான்கோட்டையில் மைக்கைப் பிடிக்கிற எல்லோரும் நெல்லிக்கனியில்தான் தொடங்குவார்கள். அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். நான் அதற்குள் போகவில்லை. நான் முப்பத்து நான்கு வருஷம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வரவு, செலவு, அப்புறம் கவுண்டரில் வைக்கிற ‘லிங்க் இல்லை’ என்ற அட்டை. அந்த அட்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

2013 வாக்கில் நம் மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளையில் இருந்தேன். அதற்குள் கணக்குகள் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டன. லெட்ஜரைப் புரட்டிப் பணம் கொடுத்த காலம் முடிந்துவிட்டது. லைன் இருந்தால்தான் ஒருவர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியும். ஒருநாள் காலை பத்தரை மணிக்கு லைன் போயிற்று. அட்டையை எடுத்து வைத்தோம். முதியோர் உதவித்தொகை ஆயிரம் ரூபாயை எடுக்க வந்த பெரியவர் ஒருவர் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு ஆயிற்று, மூன்று ஆயிற்று. கடைசியில் எழுந்து வந்து என்னிடம் கேட்டார்: “ஏங்க சார், வயரு எந்த எடத்துல அறுந்துருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நானே போயி முறுக்கிவிட்டுட்டு வந்துர்றேன்.”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவர் வெறுங்கையோடு கிளம்பினார். இப்போது யோசித்தால், அன்று அந்தக் கிளையில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். எங்கே அறுந்தது? யார் போய்ச் சரி செய்வது? படித்து வேலைக்கு வந்த எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

இன்று நான் பேச வந்தது அந்த இரண்டு கேள்விகளைப் பற்றித்தான். நம் சங்கத்தின் முன்னால் ஒரு கடிதம் இருக்கிறது. ஒரு நெட் நிறுவனம் சங்கத்துக்கு 50,000 ரூபாய் தருகிறது. கேமராக்களுக்கு இலவச இணைப்பும் தருகிறது. அதற்குப் பதிலாக ஐந்து வருஷத்துக்கு இந்த வளாகத்துக்குள் அவர்கள் கேபிள் மட்டும்தான் வரவேண்டும். டிசம்பரில் இதைத் தீர்மானிக்கப் போகிறோம். அதற்கு முன்னால், நம் 48 வீட்டைவிடப் பெரிய இடங்களில், ஒரு நாட்டிலும் மாநிலத்திலும் நகரத்திலும் ‘எல்லோருக்கும் நெட்’ என்று கிளம்பியவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம். அவர்கள் கொடுத்த விலையில் நாம் பாடம் படித்துக்கொள்ளலாம்.

தொட்டி நிறைந்தது, குழாய்?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நமக்குப் பழக்கமானது. நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு. பல் கறுத்து, எலும்பு வளைந்து எத்தனை குடும்பங்கள் அவதிப்பட்டன என்பதை நேரில் பார்த்தவர்கள் நாம். ஜப்பான் கடனுதவியோடு பெரிய குழாய் போட்டு, 2013 மே மாதம் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் உங்கள் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘எங்கள் ஊருக்குத் தண்ணீர் வருகிறதா’ என்பதற்கு ஒரு பதில் சொல்வார்கள். ‘எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருகிறதா’ என்பதற்கு வேறொரு பதில் சொல்வார்கள். மேல்நிலைத் தொட்டி வரை வருவது ஒரு வேலை. தொட்டியிலிருந்து குடத்துக்கு வருவது இன்னொரு வேலை. வால்வைத் திறக்கிறவர் ஒருநாள் லீவு போட்டால் இரண்டாவது வேலை நின்றுவிடும்.

நெட்டும் அப்படியேதான். கிராமங்களுக்கு நெட் கொண்டுபோகும் மத்திய அரசின் திட்டம் 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. தேசிய ஆப்டிக்கல் ஃபைபர் நெட்வொர்க் என்று அப்போது பெயர். நாட்டிலுள்ள சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள். மதிப்பீடு சுமார் 20,000 கோடி ரூபாய், காலக்கெடு இரண்டு வருஷம். பிறகு அதன் பெயர் பாரத்நெட் ஆனது. 2017-ல் மொத்த மதிப்பீடு 42,000 கோடியைத் தாண்டியது. 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை கொடுத்த ஒப்புதல் 1,39,579 கோடிக்கு. எங்கிருந்து எங்கே போயிருக்கிறது பாருங்கள். குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வேலையின் அளவும் கூடியிருக்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை என்றிருந்தது, சிற்றூர்களுக்கும் வீடுகளுக்கும் என்று மாறியிருக்கிறது. ஆனால் கணக்குப் படித்தவன் கண்ணுக்கு அந்தத் திருத்தத்தில் ஒரு விஷயம் முக்கியம். கேபிள் போடுகிற ஒப்பந்ததாரரே மூன்று வருஷத்தில் போட்டு முடித்து, பத்து வருஷம் பராமரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். போட்டால் மட்டும் போதாது என்று ஒப்புக்கொள்ளப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்வது டான்ஃபிநெட் எனப்படும் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம். திட்டம் போட்டபோது நம் மாநிலத்தில் 12,525 ஊராட்சிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 1 ஜி.பி.பி.எஸ். வேகத்தில் இணைப்பு என்பது திட்டம். முதலில் விட்ட டெண்டரின் நிபந்தனைகள் போட்டியைக் குறுக்குகின்றன என்று புகார் எழுந்து, 2020-ல் அது ரத்தானது. மறுபடியும் டெண்டர் விட்டு, 2022 மார்ச்சில் கன்னியாகுமரி மாவட்டம் முத்தலக்குறிச்சியில் முதலமைச்சர் பணியைத் தொடங்கிவைத்தார். நாம் இருப்பதும் நகராட்சி எல்லைக்குள் அல்ல, ஊராட்சியில். ஆகவே இது நம் சங்கதியும்தான்.

கம்பத்தில் தொங்குகிற கண்ணாடி

சிக்கல் எங்கே வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் சிக்கல், வழி. தமிழ்நாட்டுத் திட்டத்தில் கேபிளின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் போகவில்லை. மின்கம்பங்களின் மேல் போகிறது. செலவு குறைவு, வேலை வேகம். ஆனால் கம்பத்தில் தொங்குவதற்கு எத்தனை எதிரிகள் என்று எண்ணிப் பாருங்கள். காற்றில் சாயும் புளியமரம், உயரமாக வைக்கோல் ஏற்றிய லாரி, கம்பத்தை இடம் மாற்றும் மின்வாரியப் பணி, சாலை அகலப்படுத்தும் ஜே.சி.பி. நம் ஊரே சேலம் – பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து பாலக்கோடு, ஓசூர் ரோடு பிரியும் இடம். நான்கு வழிச்சாலை வேலை நடந்தபோது இங்கே எத்தனை தடவை தோண்டினார்கள், எத்தனை தடவை உங்கள் வீட்டு நெட் போயிற்று என்று யோசித்துப் பாருங்கள். யார் எங்கே தோண்டப் போகிறார் என்பதை கேபிள்காரருக்கு முன்கூட்டியே தெரிவிக்க, 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலியே கொண்டுவந்தது. தோண்டுமுன் சொல்லுங்கள் என்பதுதான் அதன் மொத்தச் செய்தி. அதற்கும் ஒரு செயலி தேவைப்படுகிறது என்றால் பழக்கம் எப்படி என்று தெரிகிறது.

இரண்டாவது, அனுமதி. கேபிள் ஒரு மாவட்டத்தைக் கடக்க நெடுஞ்சாலை, ரயில்வே, வனத்துறை, உள்ளாட்சி என்று பல வாசல்களைத் தட்ட வேண்டும். வத்தல்மலை, சித்தேரி மாதிரி மலை ஊர்களுக்குப் போக வனத்துறையின் அனுமதி இல்லாமல் கம்பம் நடமுடியாது. வழியுரிமை விதிகளை 2016-ல் எழுதினார்கள், 2022-ல் திருத்தினார்கள், 2025 ஜனவரி முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. விதி எழுதுவது டெல்லியில். கையெழுத்து வாங்குவது ஒவ்வொரு ஊரிலும்.

மூன்றாவது, பழுது. அந்தப் பெரியவர் சொன்ன மாதிரி இதை முறுக்கிவிட முடியாது. கண்ணாடி இழை என்பது நம் தலைமுடி அளவு கனம். இரண்டு முனைகளையும் நேராக வெட்டி, சூடேற்றி, கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டவைக்க வேண்டும். ஸ்ப்ளைசிங் என்கிறார்கள். அதற்கென்று மிஷின் வேண்டும், பழகிய ஆள் வேண்டும். ஆள் சேலத்தில் இருந்து, அறுந்தது நல்லம்பள்ளிப் பக்கம் என்றால், ஒட்டுகிற நேரம் அரை மணி, காத்திருக்கிற நேரம் இரண்டு நாள். போதாததற்குத் திருட்டு வேறு. உள்ளே செம்பு இருக்கும் என்று நினைத்து வெட்டிக்கொண்டு போகிறார்கள். இதில் செம்பு கிடையாது, விற்றாலும் காசு வராது என்று மாவட்ட ஆட்சியர்கள் பத்திரிகைச் செய்தியே வெளியிட வேண்டியிருந்தது.

நான்காவது, கடைசி முழம். ஊராட்சிக் கட்டடத்தில் ஒரு இரும்பு அலமாரி வருகிறது. அதில் ரூட்டர், யு.பி.எஸ். எல்லாம் இருக்கும். அந்த அறைக்குக் கரண்ட் இருக்க வேண்டும். பில் கட்டியிருக்க வேண்டும். சாவி யாரிடம் என்று தெரிந்திருக்க வேண்டும். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் இழுக்க வேறொருவர் வேண்டும். அந்த அறையை யாராவது பூட்டிக்கொண்டு போய்விட்டால், ஆயிரக்கணக்கான கோடி ரூபாய்த் திட்டம் ஒரு பூட்டுக்குப் பின்னால் நின்றுவிடும்.

கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கம்

பி.காம். படித்தவர்களுக்கு முதல் வருஷமே சொல்லித்தருவது, மூலதனச் செலவு வேறு, நடப்புச் செலவு வேறு. வீடு கட்டுவது மூலதனச் செலவு. சுண்ணாம்பு அடிப்பதும் மோட்டார் பழுதுபார்ப்பதும் நடப்புச் செலவு. கேபிள் போடுவதற்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. அறுந்ததை ஒட்டுவதற்கு விழா கிடையாது. அதனால்தான் பொதுப்பணம் முதல் பக்கத்துக்கு வந்துவிடுகிறது, இரண்டாம் பக்கத்துக்கு வர மறுக்கிறது. நான் இன்று சொல்ல வந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஊராட்சியில் 1,000 வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 வீடு மாதம் 300 ரூபாய் கொடுத்து இணைப்பு வாங்கினால் வரவு 45,000. இதில் வரி, மேலிருந்து நெட் வாங்குகிற கட்டணம், கரண்ட் பில், கேபிள் பார்க்கும் பையனுக்குச் சம்பளம் எல்லாம் போக ஏதோ மிஞ்சும். 60 வீடுதான் வாங்குகிறது என்றால் வரவு 18,000. அந்தப் பையனுக்குச் சம்பளம் கொடுத்தாலே பெட்டி காலி. பையன் நின்றுவிடுவான். அவன் நின்றால் பழுது நிற்கும். பழுது பார்க்காவிட்டால் 60 வீடு 30 ஆகும். இது எந்த ஊருக்கும் பொருந்துகிற கணக்கு.

மக்கள் ஏன் வாங்குவதில்லை? 2016 செப்டம்பருக்குப் பிறகு செல்போன் டேட்டா விலை அடியோடு விழுந்துவிட்டது. கையில் போன் இருக்கிறது, தினம் ஒன்றரை, இரண்டு ஜி.பி. இருக்கிறது, வீட்டுக்கு எதற்குத் தனியாக என்று கேட்கிறார்கள். நியாயம்தான். ஆனால் வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றால் என்ன செய்வது? 2020-ல் பள்ளிக்கூடம் மூடியபோது பார்த்தோம் அல்லவா. கேரள உயர்நீதிமன்றம் அதற்கு முந்தின வருஷமே, 2019-ல், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையில் ஒரு பகுதி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கல்லூரி விடுதியில் மாலை நேரத்தில் செல்போனைத் தடை செய்ததை எதிர்த்து ஒரு மாணவி போட்ட வழக்கு அது.

தேறியவர்களும் தோற்றவர்களும்

பக்கத்து மாநிலங்களைப் பார்ப்போம். ஆந்திராவில் 2017 டிசம்பரில் குடியரசுத் தலைவர் தொடங்கிவைத்த ஃபைபர்நெட், மின்கம்பத்து வழியே போய், டிவி, போன், நெட் மூன்றையும் மாதம் 149 ரூபாய்க்குத் தருவதாக வந்தது. கேரளாவில் கே-ஃபோன் 2023 ஜூன் 5 அன்று தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்பது இலக்கு. தொடக்கத்தில் கொடுக்கத் திட்டமிட்டது தொகுதிக்கு 100 வீடு வீதம் 14,000 வீட்டுக்கு. மற்றவர்களுக்கு 299 ரூபாயிலிருந்து கட்டணம். போட்ட பணத்தில் பெரும்பகுதி கடன். இலவசம் ஒரு பக்கம், கடன் தவணை இன்னொரு பக்கம். இரண்டையும் தாங்குவதற்குக் காசு கொடுத்து வாங்குகிற வாடிக்கையாளர் வேண்டும். நம் அரசு கேபிள் டிவி 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். விலையை அரசாங்கம் குறைக்க முடியும் என்று அது காட்டியது. பழுது பார்ப்பது மட்டும் அன்றும் நம் தெருக் கேபிள்காரர் கையில்தான் இருந்தது.

இனி அமெரிக்காவில் இரண்டு ஊர். டென்னசி மாநிலத்தில் சாட்டனூகா என்ற நகரம். அங்கே மின்சாரம் கொடுப்பது நகரத்துக்குச் சொந்தமான நிறுவனம். மின்தடையைச் சீக்கிரம் கண்டுபிடிக்க மின்பாதை முழுதும் கண்ணாடி இழை போட்டார்கள். மத்திய அரசு மானியம் 11 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. அதே இழையில் 2010-ல் ஊர் முழுக்க 1 ஜி.பி.பி.எஸ். நெட் கொடுத்தார்கள். அது வெற்றி பெற்றது. ஏன்? கம்பம் அவர்களுடையது, லைன்மேன் அவர்களுடைய ஆள், பில் வசூல் ஏற்கெனவே நடக்கிறது. நடப்புச் செலவுக்கான ஏற்பாடு முதலிலேயே இருந்தது. பக்கத்து ஊர்களுக்கும் கொடுக்கிறோம் என்றபோது மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. வழக்கு நடந்து, 2016-ல் தீர்ப்பு சட்டத்தின் பக்கமே போயிற்று.

இன்னொரு ஊர் யூட்டா மாநிலத்தில் புரோவோ. 3.9 கோடி டாலர் கடன் வாங்கி நகராட்சி கேபிள் போட்டது. நடத்தத் தெரியவில்லை. கை மாறிக் கை மாறி, 2013-ல் கூகுளுக்கு விற்றார்கள். விலை எவ்வளவு தெரியுமா? ஒரு டாலர். கடன் மட்டும் ஊர் மக்கள் தலையில் நின்றது. மாத பில்லோடு சேர்த்துக் கட்டினார்கள்.

மூன்றாவது வழியும் உண்டு. சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரம் 1994-ல் ஸ்டோகாப் என்ற தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கியது. அது வீட்டுக்கு நெட் விற்காது. இழையைப் போட்டு, எந்த நிறுவனத்துக்கும் ஒரே மாதிரி வாடகைக்கு விடும். ரோடு நகரத்துடையது, அதில் யார் வேண்டுமானாலும் பஸ் விடலாம் என்கிற மாதிரி. போட்டியும் இருக்கும், ஒரே இடத்தைப் பத்துப் பேர் தோண்டுவதும் இருக்காது. நம் 48 வீட்டுக்குப் பொருந்துகிற பாடம் இதுதான் என்பது என் கருத்து.

நம் கடிதத்துக்கு வருவோம்

50,000 ரூபாய் சும்மா வருகிறதே என்று சிலர் சொல்கிறார்கள். பென்சிலை எடுங்கள். ஒரு வருஷம் கழித்து அவர்கள் மாதம் 100 ரூபாய் ஏற்றினால், 48 வீடு, 12 மாதம், 57,600 ரூபாய். கொடுத்த நன்கொடையை ஒரே வருஷத்தில் நம்மிடமிருந்தே வாங்கிவிடுவார்கள். அப்போது வேறு ஆளைக் கூப்பிடவும் நமக்குக் கை கட்டியிருக்கும். கட்டடத்துக்குள் ஒரே நிறுவனத்துக்கு மட்டும் இடம் என்கிற ஒப்பந்தம் கூடாது என்று டிராய் அமைப்பு 2017-லேயே பரிந்துரைத்திருக்கிறது. 2024 அக்டோபரில், கட்டடங்களுக்குள் இணைய வசதி எப்படி இருக்கிறது என்று பார்த்து நட்சத்திர மதிப்பீடு கொடுக்கும் விதிமுறையும் கொண்டுவந்திருக்கிறது. நாளைக்கு ஃப்ளாட்டை விற்கிறவர்கள் இதையும் யோசியுங்கள்.

ஆகவே என் யோசனைகள் நான்கு.

ஒன்று. வளாகத்துக்குள் பைப்பும் சந்திப்புப் பெட்டியும் சங்கத்தின் சொத்தாக இருக்கட்டும். கேட்டிலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பைப், மாடிக்கு ஒரு பெட்டி. வந்த மதிப்பீடு 96,000 ரூபாய், வீட்டுக்கு 2,000. எந்த நிறுவனம் வந்தாலும் அதன் வழியே இழுத்துக்கொள்ளட்டும். மொட்டை மாடியிலிருந்து ஒட்டடை மாதிரி தொங்குகிற வயர்களும் போகும்.

இரண்டு. அதைப் பராமரிக்க வீட்டுக்கு மாதம் 25 ரூபாய் தனிக் கணக்கில். வருஷத்துக்கு 14,400. பெயின்ட் செலவுக்கோ பொங்கல் விழாவுக்கோ அதை எடுக்கக் கூடாது. இதுதான் நம் புத்தகத்தின் இரண்டாம் பக்கம்.

மூன்று. எந்த நிறுவனத்தோடும் பேசும்போது வேகத்தை மட்டும் பேசாதீர்கள். பழுது சொன்னால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், வராத நாளுக்குப் பில்லில் எவ்வளவு கழியும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘பிராட்பேண்ட்’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். 2023 முதல் விதிப்படி 2 எம்.பி.பி.எஸ். இருந்தாலே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

நான்காவது யோசனைக்கு முன்னால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜூன் மாதம் நம் நோட்டீஸ் போர்டில் ஒரு அறிவிப்பு இருந்தது: ‘குடியிருப்போர் அல்லாதவர்கள் மாடிப்படியில் அமர்ந்து வைஃபை பயன்படுத்தக் கூடாது.’ யாருக்காக என்று எல்லோருக்கும் தெரியும். நம் காவலாளியின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். முதல் மாடியில் ஒரு வீட்டுக்காரர் பாஸ்வேர்ட் கொடுத்திருந்தார். சாயங்காலம் படியில் உட்கார்ந்து நீட் பாடம் பார்ப்பாள். புகார் வந்தது. அந்த நோட்டீஸை டைப் செய்தவன் நான்தான். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் டைப் செய்தேன்.

மறுநாள் அவள் படியில் இல்லை. கேட்டுக்குப் பக்கத்து அறையில், அப்பாவின் போனில், டேட்டா தீர்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, “சாரி தாத்தா, இப்ப படிக்கட்டுப் பக்கமே வர்றதில்ல” என்றாள். எனக்கு அந்த வங்கி வாசல்படி ஞாபகம் வந்துவிட்டது. அவள் அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறேன்.

பாஸ்வேர்டைப் பகிர்வதில் சிக்கல் உண்டு, மறுக்கவில்லை. யார் என்ன பார்த்தாலும் பெயர் அந்த வீட்டுக்காரர் மேல்தான் வரும். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம்.வாணி திட்டத்தில், டீக்கடையோ மளிகைக்கடையோ லைசென்ஸ் இல்லாமலே பொது வைஃபை நடத்தலாம். வருகிறவர் தன் செல்போன் எண்ணைப் பதிந்துதான் உள்ளே போவார். அதுவரைக்கும் சங்க அறையில் சங்கத்தின் பெயரில் ஒரு இணைப்பு, ஒரு மேசை, ஒரு பதிவேடு போதும். மாதம் 600 ரூபாய் ஆனாலும் வீட்டுக்குப் பன்னிரண்டரை ரூபாய். காவலாளி, வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், அவர்கள் பிள்ளைகள் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை பயன்படுத்தட்டும். நவம்பரில் நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்றை அங்கேயே உட்கார்ந்து பதிவு செய்யலாம். இதுதான் நான்காவது யோசனை. அந்த நோட்டீஸை நானே எடுத்துவிடுகிறேன்.

நவம்பர் 1

கடைசியாக ஒன்று. இன்று அக்டோபர் 2, கிராம சபை நாள். நம் வளாகத்திலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை, நானும் போகவில்லை. நாம் ஃப்ளாட்டில் இருக்கிறோம், ஊராட்சி என்பது வேறு யாருக்கோ என்று ஒரு நினைப்பு. வீட்டு வரி மட்டும் அங்கேதான் கட்டுகிறோம். அடுத்த கிராம சபை நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினம். பத்துப் பேராவது போவோம். சண்டை போட அல்ல. நான்கு கேள்வி கேட்க. பாரத்நெட் பெட்டி இருக்கிற அறைக்குக் கரண்ட் இருக்கிறதா? சாவி யாரிடம்? பள்ளிக்கூடம், நூலகம், ஆரம்ப சுகாதார நிலையம் இவற்றில் எதற்கெல்லாம் இணைப்புப் போயிருக்கிறது? அறுந்தால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது? பதில் நல்லதாக இருந்தால் கைதட்டிவிட்டு வருவோம். இல்லாவிட்டால் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்வோம். கேள்வி எழுத்தில் ஏறினால்தான் அடுத்த கூட்டத்தில் அதற்குப் பதில் தேடுவார்கள். முப்பத்து நான்கு வருஷம் ஃபைல் பார்த்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அந்தப் பெரியவர் இப்போது இருக்கிறாரோ இல்லையோ. வயர் எங்கே அறுந்தது என்று கேட்டார். அந்தக் கேள்வியை நாம் நவம்பர் 1 அன்று அவருக்காகக் கேட்டுவிட்டு வருவோம். காலை பத்து மணிக்கு கேட் அருகே காத்திருப்பேன்.